வடிகால் வேட்பாளர்

பிரம்மசக்திக்குக் கழுத்து பிடித்துக்கொண்டிருந்தது. அது புதுசு இல்லை. கல்யாணத்துக்கு முந்தியிருந்தே உப்புக்கூடை உட்கார்ந்த கழுத்து. ஆனால் கூடை ஏறாத நாளில்தான் அது அதிகமாகக் குடையும். சுமை இருக்கும்போது கழுத்துக்கு வேலை இருக்கும், வலிக்க நேரம் இருக்காது. காலையிலிருந்து அவள் வாக்கு எண்ணும் பாலிடெக்னிக்கில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நாற்காலி இடுப்புக்கு ஒத்துவரவில்லை. எழுந்து நின்றால் வாசலில் நின்ற போலீஸ்காரப் பெண், "வேட்பாளர் உக்காருங்க" என்றாள். வேட்பாளர் என்று சொல்வது தன்னைத்தான் என்பது பிரம்மசக்திக்கு உறைக்க ஒவ்வொரு தடவையும் கொஞ்ச நேரம் பிடித்தது.

பக்கத்து நாற்காலியில் சொர்ணவேல் உட்கார்ந்திருந்தார். அவளைத் தேர்தலில் நிறுத்தியவர் அவர்தான். ஆளுங்கட்சிக்காரர், ஆனால் இன்று சட்டைப்பையில் கட்சி அட்டை இல்லை. சுயேச்சை வேட்பாளரின் முகவராக வந்திருந்தார்.

சுவர்த் தொலைக்காட்சியில் மாநிலம் முழுக்க முடிவுகள் ஓடின. ஒவ்வொரு தொகுதிக்கும் இரண்டு எண்கள். மேலே வாக்கு, கீழே வலி. ஆளுங்கட்சி முன்னிலை. அவர்கள் வாங்கிய ஓட்டில் வலி முன்னெப்போதையும்விடக் குறைவு. மக்கள் ஆரோக்கியமாக இருக்கிறார்கள் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும் என்று ஒரு பேராசிரியர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்த ஆளுக்குக் கழுத்து நல்லா திரும்புது" என்றாள் பிரம்மசக்தி.

"சும்மா இரு" என்றார் சொர்ணவேல்.

அவர் முதல் தடவை உப்பளத்துக்கு வந்தது வெயில் ஏறுகிற நேரம். பிரம்மசக்தியும் ஞானப்பூவும் பாத்தியிலிருந்து உப்பைக் கூடையில் அள்ளி, உப்பைக் குவிக்கிற தட்டுமேட்டில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு காலத்தில் இதற்கு மெஷின் இறக்கிப் பார்த்தார்கள். உப்பு மெஷினைத் தின்றுவிட்டது. பொம்பளைகளைத் தின்ன அதற்கு ரொம்ப நாள் பிடித்தது, அதனால் பொம்பளைகளே கட்டுப்படியானார்கள்.

"வெண்பாத்தி தொகுதிக்கு நீ நிக்கணும்" என்றார் சொர்ணவேல்.

"நான் எதுக்கு அண்ணாச்சி? பஸ்ஸு போர்டே எழுத்துக் கூட்டித்தான் படிக்கேன்."

"படிக்க வேண்டாம். நிக்கணும். நின்னு தோக்கணும்."

"தோக்கதுக்கு எதுக்கு நிக்கணும்?"

சொர்ணவேல் வரப்பில் குத்தவைத்தார். வேட்டியில் உப்பு ஒட்டாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டார். "ஓட்டுப் போட்டா வலியும் சேந்து வருதுல்லா. அதான் சிக்கல்."

கைப்பட்டை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஓட்டு வயது வந்தவர் ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் இருந்து அவர் வலியைக் கணக்கெடுக்கிறது. ஜெயித்தவர் கழுத்தில் ஒரு பட்டை கட்டுவார்கள். அவருக்கு ஓட்டுப் போட்டவர்களில் ஒருவரின் உடம்பு வலி, நாளுக்கு ஒருவராகக் குலுக்கல் முறையில் ஜெயித்தவர் உடம்புக்குள் வரும். விடிந்ததிலிருந்து மறுநாள் விடியும்வரை, அந்த ஆளுக்கு எங்கே எப்போது வலிக்கிறதோ அங்கே அப்போது இவருக்கும் வலிக்கும். ஐந்து வருஷத்துக்கு. வலி தெரிந்தால்தான் வேலை நடக்கும் என்று சட்டம் கொண்டுவந்தார்கள். முதல் தடவை நடக்கவும் செய்தது. ஒரு அமைச்சருக்குப் பிரசவ வலி வந்து, ஒரே மாதத்தில் மூன்று ஊர்களில் பிரசவ வார்டு திறந்தார். அதற்கப்புறம் கட்சிகள் சுதாரித்துக்கொண்டன.

"நம்ம தம்பி திலீபன்ராஜுக்கு ஓட்டு வேணும்" என்றார் சொர்ணவேல். "ஆனா வலியில்லாத ஓட்டா வேணும். காலேஜுப் பயலுவ, ஜிம்முக்குப் போறவனுவ, ஏசியில இருக்கவனுவ. உப்பளத்துக்காரன், கடலுக்குப் போறவன், லோடுமேன் இவிய ஓட்டெல்லாம் வேற எங்கயாவது போய் விழணும்லா?"

"எங்க?"

"ஒம்மேல. வலி உள்ளவங்க எனக்குப் போடுங்கன்னு நீ கேளு. வந்து விழும். நீ தோத்துருவ. தோத்தவ கழுத்துல பட்டையும் கிடையாது, வலியும் கிடையாது. எல்லாத் தொகுதியிலயும் இப்படி ஒரு ஆள் உண்டு. வடிகால்னு சொல்லுவோம்."

கூடையைத் தலையில் வைத்தபடி நின்ற ஞானப்பூ, "சாக்கடைன்னு சொல்லுங்க அண்ணாச்சி, எங்களுக்குப் புரியும்" என்றாள்.

பிரம்மசக்தி தட்டுமேட்டைப் பார்த்தாள். கண்ணுக்கு எட்டிய தூரம் நிழல் என்று ஒன்று இல்லை. "தோத்தா இங்கன ஒரு கொட்டகை போடணும்" என்றாள். "தண்ணி டேங்கு. பொம்பளைகளுக்குக் கக்கூஸு."

"தோத்த மறுமாசம்" என்றார் சொர்ணவேல்.

அவர் போனபிறகு ஞானப்பூ கேட்டாள். "அப்போ உன் கூடை?"

உப்பளத்தில் பெண்கள் ஜோடி ஜோடியாக வேலை பார்ப்பார்கள். ஒருத்தி தலைக்கு இன்னொருத்தி கூடை தூக்கிவிடுவாள். உப்பு அம்பாரம் ஜோடிக்கு இவ்வளவு குவிக்க வேண்டும் என்று பேச்சு. ஒருத்தி வரவில்லை என்றால் அவள் பங்கையும் மற்றவள் சுமக்க வேண்டும். அதற்குத் தலைக்கடன் என்று பேர். பட்ட கடனைத் தலையால்தான் கழிக்க வேண்டும். வராதவள் அந்த நாளுக்கு ஈடாக ஒரு நாள் மற்றவளை உட்காரவைத்து, அவள் கூடைகளையும் சேர்த்துச் சுமக்க வேண்டும். ரூபாய் நீட்டிக் கழிக்கப் பார்த்த ஒருத்திக்கு அதற்கப்புறம் கூடை தூக்கிவிட ஆள் இல்லை. அவள் தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்விட்டாள். ஞானப்பூ பிள்ளை பெற்றுக் கிடந்தபோது அவள் கூடையைப் பிரம்மசக்தி சுமந்தாள். பிள்ளை தவழ ஆரம்பித்ததும் ஞானப்பூ கழித்துவிட்டாள். மிச்சம் மீதி இல்லை.

"தேர்தல் முடியட்டும், சுமந்து கழிச்சிருதேன்" என்றாள் பிரம்மசக்தி.

"கழிக்காம எங்க போவ" என்றாள் ஞானப்பூ. இடது கையை உதறிக்கொண்டாள். அப்போதே அந்தக் கை லேசாக மரத்துப்போக ஆரம்பித்திருந்தது.

பிரச்சாரம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு ஆட்டோ, ஒரு மைக். "வலி இருக்கவங்க எனக்குப் போடுங்க" என்ற ஒரே வரி. திலீபன்ராஜின் வேன் "நலமாக இருப்போர் நம்மோடு" என்று பாடிக்கொண்டு போகும். மீனவர் தெருவில் நுழைந்தால் பாட்டை நிறுத்திவிடுவார்கள். "இந்தத் தெருவுல ஓட்டு வேண்டாம், வணக்கம் மட்டும்" என்று கும்பிட்டுவிட்டுப் போவார்கள். ஒரு கிழவர் அவர்களை மறித்து, "எனக்கு மூட்டு மட்டுந்தான் தம்பி வலி, மேல ஒண்ணும் இல்ல, போடட்டுமா?" என்று கெஞ்சியதைப் பிரம்மசக்தியே பார்த்தாள். முப்பது வருஷமாக ஒரே சின்னத்துக்குப் போட்டு வந்தவராம்.

எண்ணிக்கை பாதி தாண்டியபோது சொர்ணவேல் தொலைக்காட்சியைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். கைக்குட்டையால் பிடரியைத் துடைத்தார்.

"என்ன அண்ணாச்சி?"

"நீ முன்னால போறட்டி."

"நல்லதுதான?"

"நல்லதா? வலி இருக்கவன் கொஞ்சப் பேருதான்னு கணக்குப் போட்டோம். கம்ப்யூட்டர் பாக்க பயலுவளுக்கெல்லாம் முதுகு வலியாம்லா. பேங்குக்காரனுக்குக் கண்ணு வலி. டீச்சர்மாருக்குத் தொண்டை. சவம், இந்தத் தொகுதியில வலி இல்லாதவனே எங்க வீட்டுக்காரங்கதான் போல."

கடைசிச் சுற்றுக்கு அப்புறம் அதிகாரி வந்து பிரம்மசக்தி பெயரை வாசித்தார். கைதட்ட அங்கே யாரும் இல்லை. போலீஸ்காரப் பெண், "இப்ப எந்திரிக்கலாம்" என்றாள். வேறு சில தொகுதிகளிலும் வடிகால் அடைத்துக்கொண்டது என்று தொலைக்காட்சி சொன்னது. ஆட்சிக்கு ஒன்றும் மோசமில்லை. ஆளுங்கட்சிதான் மறுபடியும்.

சொர்ணவேல் அவளைப் படிக்கட்டுக்கு அடியில் கூட்டிக்கொண்டு போனார். "விலகுதேன்னு சொல்லிரு. பட்டை கட்டுதுக்கு முந்தி சொன்னா ரெண்டாவது வந்தவன் ஜெயிச்சவன். சட்டத்துல இடம் இருக்கு. கொட்டகையும் உண்டு."

"தோத்தா கொட்டகைன்னீங்க. ஜெயிச்சா என்ன?"

"ஜெயிச்சா என்னன்னு நாம பேசவே இல்லையே."

"போன தடவ வடிகாலா நின்ன லோடுமேன் அண்ணனுக்கு ரோடு போடுதேன்னு சொன்னீங்களாமே. போட்டீங்களா?"

சொர்ணவேல் மறுபடியும் கைக்குட்டையை எடுத்தார்.

"நான் விலகிட்டா எனக்குப் போட்டவங்க வலி எங்க போகும் அண்ணாச்சி?"

"எங்க போகும்? எங்கயும் போவாது. அவங்ககிட்டயே கெடக்கும்."

பிரம்மசக்தி ஞானப்பூவுக்குப் போன் போட்டாள். மூச்சு வாங்குகிற சத்தம் முதலில் வந்தது.

"என்னட்டி, தோத்துட்டியா? நாளைக்கு வந்துருவல்லா?"

"ஜெயிச்சிட்டேன்."

அந்தப் பக்கம் உப்பு சரிகிற சத்தம் கேட்டது. கூடையைக் கொட்டிவிட்டு நிற்கிறாள்.

"போடி மூதி. இனிமே என் கூடையை எவ கழிப்பா?"

"விலகச் சொல்லுதாவ. விலகிட்டா நாளைக்கே வந்து சுமந்து கழிச்சிருவேன். ஆனா கொட்டகை வராது. அண்ணாச்சி முழியே சரியில்ல."

"கை எப்படி இருக்குன்னு கேக்க மாட்டியா?"

"எப்படி இருக்கு?"

"தோள்ல இருந்து விரலு வரைக்கும் செத்துப் போச்சு. சோத்துச் சட்டி நழுவுது."

பிரம்மசக்தி படிக்கட்டின் அடிப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு ஒன்று தோன்றியது. இவ்வளவு நேரம் தோன்றாததுதான் ஆச்சரியம்.

"பட்டை கட்டுனா உன் வலி என் மேல வருமுல்லா. உன் முறை என்னைக்கு வருதோ அன்னைக்குப் பூரா நான் தாங்குதேன். அப்படியே கழிஞ்சிருமுல்லா? அதுவும் என் கழுத்துதான?"

ஞானப்பூ அடுத்த கூடையை இழுக்கிற சத்தம் கேட்டது. பிறகு "ம்" என்றாள்.

"சரின்னு சொல்லுதியா?"

"கூடை காத்துக் கெடக்கு. வைக்கேன்."

அந்த "ம்"மைப் பிரம்மசக்தி சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள். சொர்ணவேலிடம் போய், "கட்டச் சொல்லுங்க" என்றாள்.

பட்டை கட்டும் அறையில் ஒரு டாக்டரும், ஸ்ட்ரெச்சரோடு இரண்டு பேரும் தயாராக நின்றார்கள். போன முறை ஜெயித்தவர்கள் பலர் இந்த இடத்தில் விழுந்திருக்கிறார்கள். பட்டை ஆபீசர் என்று ஒருவர், வயது குறைவு, சட்டையை இன் பண்ணியிருந்தார். அவர் பிடரியில் பட்டையை வைத்து அழுத்தினார். சில்லென்றிருந்தது. அவ்வளவுதான்.

எல்லோரும் அவள் முகத்தையே பார்த்தார்கள்.

"போட்டாச்சா?" என்றாள் பிரம்மசக்தி.

"மேடம், ஏதாவது தெரியுதா? எங்கயாவது?"

அவள் யோசித்தாள். "வலது முட்டி. குளிர் தண்ணியில ரொம்ப நேரம் நின்னவரு யாரோ."

டாக்டர் கருவியைப் பார்த்தார். பட்டை சரியாகத்தான் வேலை செய்கிறது என்றார். ஸ்ட்ரெச்சர்காரர்கள் டீ குடிக்கப் போனார்கள்.

ஆபீசர் விதிகளைச் சொன்னார். யாருடைய வலி என்று பெயர் தெரியாது. பட்டையைக் கழற்றக் கூடாது. முக்கியமாக, பதவியில் இருக்கும்வரை கனமாக எதையும் தூக்கக் கூடாது.

"ஏன்?"

"உங்க சொந்த வலியும் வாக்காளர் வலியும் கலந்துடும் மேடம். அப்புறம் எது யாருதுன்னு மெஷினுக்குத் தெரியாது. தூக்கினா பட்டை கத்தும். மூணு தடவை கத்தினா பதவி போயிடும்."

சென்னையில் எம்.எல்.ஏ. விடுதியில் மெத்தை கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் அவளுடைய சொந்தக் கழுத்து ஆறிப்போனது. அதற்கப்புறம் உடம்பில் இருந்ததெல்லாம் ஊர்க்காரர்களுடையதுதான். பட்ஜெட் வாசித்த அன்று யாருக்கோ கடைவாய்ப் பல். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அவளைப் பார்த்து, உறுப்பினர் ஆழ்ந்து கவனிக்கிறார் என்று சபாநாயகர் பாராட்டினார். இன்னொரு நாள் வயிற்றைக் கிள்ளியது. கேன்டீனில் இரண்டு தடவை சாப்பிட்டும் நிற்கவில்லை. யாரோ சாயங்காலம் வரை சாப்பிடாமல் இருந்தார்கள். சாயங்காலம் நின்றது. அவர்கள் சாப்பிட்டார்கள் போல என்று அவளும் கை கழுவினாள். ஒரு நாள் காலையிலிருந்து நெஞ்சில் கல் வைத்ததுபோல் இருந்தது. மதியம் பட்டென்று ஒன்றுமே இல்லாமல் போனது. ஆபீசரைக் கூப்பிட்டாள்.

அவர் கருவியைப் பார்த்தார். "இது நடக்கும் மேடம். நாளைக் காலையில வேற ஆள் வருவாங்க."

அன்றைக்கு மிச்சப் பொழுது அவள் உடம்பில் ஒரு வலியும் இல்லை. அப்படி ஒரு நாளை அவள் அதற்கு முன் கண்டதில்லை. பிடிக்கவில்லை.

உப்பளக் கழுத்துகளும் வந்தன. வந்தவுடன் தெரிந்துவிடும், சும்மாடு அழுத்துகிற இடம் பழகிய இடம். உடனே இடது கையை மடக்கி நீட்டிப் பார்ப்பாள். கை நன்றாக இருக்கும். இது ஞானப்பூ இல்லை. வேறு யாரோ. ஒவ்வொரு விடியற்காலையும் கண் திறக்கும் முன் இடது கையைத்தான் முதலில் தேடினாள். மரத்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். மரக்கவில்லை.

கொட்டகைக்கான கோப்பு ஓர் அமைச்சர் அறையில் கிடந்தது. ஒரு நாள் அவள் போய் உட்கார்ந்தாள். அன்று யாருடைய இடுப்போ, உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாத இடுப்பு. அதனால் அவள் எழுந்திருக்கவில்லை. அமைச்சர் சாப்பிடப் போனார், வந்தார், கூட்டத்துக்குப் போனார், வந்தார். அவள் அங்கேயே இருந்தாள். கையெழுத்துப் போட்டால்தான் அறையைப் பூட்ட முடியும் என்று கண்டு போட்டார். உறுதியான போராட்டம் என்று பத்திரிகையில் எழுதினார்கள். தகரக் கொட்டகை, தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை.

திறந்துவைக்க அவளே வந்தாள். ரிப்பன் வெட்டினாள். சொர்ணவேலும் வந்திருந்தார். கட்சி அட்டை சட்டைப்பைக்குத் திரும்பியிருந்தது. நம்ம ஏற்பாடு வீண் போகலை என்று நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஞானப்பூ கொட்டகைக்குள் தூணில் சாய்ந்து உட்கார்ந்து, வலது கையால் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். இடது கை மடியில் கிடந்தது, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனதுபோல.

பிரம்மசக்தி பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்சம் தள்ளி, எங்கே போனாலும் கூடவே வருகிற பட்டை ஆபீசர் நின்றார்.

"சதை போட்டுட்டட்டி" என்றாள் ஞானப்பூ.

"மெத்தையில படுத்தா போடத்தான செய்யும். கை?"

"அது பாட்டுக்கு இருக்கு. தகரம் போட்டிருக்க, கீத்து போட்டிருந்தா குளிர்ச்சியா இருந்திருக்கும்."

"அரசாங்கத்துல கீத்துக்கு இடமில்லையாம்." பிரம்மசக்தி தயங்கினாள். "ஏட்டி, உன் முறை ஒரு நாள்கூட வரலையே. பட்டையில எதுவும் கோளாறா? தினமும் கையைத்தான் பாக்கேன்."

"எப்படி வரும்?" என்றாள் ஞானப்பூ. "நான் உனக்குப் போட்டாத்தான."

பிரம்மசக்தி அவளைப் பார்த்தாள்.

"திலீபன்ராஜுக்குப் போட்டேன்."

"எதுக்குட்டி?"

"உன் கழுத்துக்குக் கூடை தூக்கிவிடுதவ நான்தான. அது என்ன பாடு படுதுன்னு எனக்குத் தெரியாதா? அது மேல என் கழுத்தையும் ஏத்தி வைக்கவா சொல்லுத?" தண்ணீரின் கடைசி வாயைக் கொப்பளித்துத் துப்பினாள். "அவன் ஜெயிச்சா அவனுக்கு ஒரு நாளாவது இந்தக் கை மரக்கட்டும்னு நெனச்சேன். அவன் தோத்துப் போனான், சவம்."

"போன்ல சொன்னேனே. நான் தாங்கிக் கழிக்கேன்னு. நீ ம்முன்ன."

"ஜெயிச்சிட்டு நிக்கவகிட்ட அப்பப் போயி என்னத்தச் சொல்ல?"

"அப்போ கழியலையா?"

"வந்திருந்தா மட்டும் கழிஞ்சிருமா?" ஞானப்பூ கோபமாகச் சொல்லவில்லை. கூலி என்ன என்று கேட்பதுபோல்தான் கேட்டாள். "உனக்கு வலிச்சா என் தலையில இருந்து ஒரு கூடை இறங்குமாட்டி?"

சட்டசபையில் இப்படி யாரும் கேட்டதில்லை. பிரம்மசக்தி நெற்றியை அமுக்கிக்கொண்டாள். அன்று அவள் உடம்பில் ஓடிக்கொண்டிருந்தது யாருடைய தலைவலியோ.

மேஸ்திரி விசில் ஊதினார். ஞானப்பூ எழுந்து சும்மாட்டைத் தலையில் வைத்தாள். வெளியே அவள் கூடை நிறைந்து நின்றது. இப்போது அவளோடு ஜோடி சேர்ந்திருப்பது ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பெண். அவள் வரப்பின் மறுகோடியிலிருந்து வந்துகொண்டிருந்தாள். பிரம்மசக்தி பட்டுச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு போய், குனிந்து கூடையின் இரண்டு விளிம்பையும் பிடித்தாள். கை மறக்கவில்லை. கூடை தரையைவிட்டு எழும்பியபோது பிடரியில் பட்டை கத்தியது.

"மேடம்" என்றார் ஆபீசர். "இது முதல் தடவை."

"வைட்டி கீழ" என்றாள் ஞானப்பூ. "கக்கூஸுக்கு இன்னும் தண்ணி கனெக்ஷன் வரல. அத யாரு பாப்பா?"

பிரம்மசக்தி கூடையைக் கீழே வைத்தாள். ஒடிசாப் பெண் வந்து தூக்கிவிட்டாள். ஞானப்பூ வலது கையால் மட்டும் கூடையைப் பிடித்துக்கொண்டு தட்டுமேட்டைப் பார்த்து நடந்தாள்.

பதவிக்காலம் இன்னும் பாதிக்கு மேல் கிடக்கிறது. வேட்பாளராக நின்ற நாள் முதல் ஜெயித்த நாள்வரை பிரம்மசக்தியின் பங்காக ஞானப்பூ சுமந்த உப்புக்கூடைகள் அத்தனையும் ஞானப்பூவுக்குத் தர வேண்டிய பாக்கி. அதில் ஒரு கூடைகூட இன்னும் கழியவில்லை.